இக்தியோசர்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் சென்று அம்மோனைட் (சுருள் ஓடுடைய பழங்காலக் கடலுயிர்) புதைபடிவங்களைப் பார்த்துத் திரும்பும் மாணவர்களும், திருவக்கரைக் கல்மரங்களைக் கண்டு வியந்த பெற்றோர்களும், நம் கடற்கரை மீனவர்களும் தொல்லுயிர்களைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் கேட்கும் கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இக்தியோசர்களின் வரலாற்றில் நம் பகுதிக்கு மிக அருகிலுள்ள மண்ணுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாததால், அதை மட்டும் சற்று விரித்தே எழுதியிருக்கிறேன்.

இக்தியோசர் மீனா, டைனோசரா?

இரண்டும் இல்லை. அது கடலிலேயே பிறந்து கடலிலேயே மடிந்த ஓர் ஊர்வன விலங்கு. அதற்குச் செவுள் கிடையாது. நுரையீரலால் மூச்சுவிட்டதால் அடிக்கடி நீரின் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டியிருந்தது. டைனோசர்கள் நிலத்தில் தோன்றிப் பெருகிய வேறொரு கிளை. இரண்டும் ஒரே காலத்தில் வாழ்ந்தன என்பதற்காக இக்தியோசரை 'கடல் டைனோசர்' என்று பாடப் படங்களில் எழுதுவது தவறு. முதலையைப் பாம்பு என்று சொல்வதற்கு அது ஒப்பாகும்.

அவை எந்தக் காலத்தில் வாழ்ந்தன?

ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன், ட்ரையாசிக் காலத்தின் தொடக்கத்தில் தோன்றி, ஜுராசிக் காலம் முழுவதும் செழித்து, கிரெட்டேசியஸ் காலத்தின் நடுப்பகுதியில், அதாவது சற்றேறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தன.

முதன்முதலில் யார் கண்டெடுத்தது?

இக்தியோசர் எலும்புகள் அதற்கு முன்பே ஐரோப்பாவில் அங்கங்கே கிடைத்திருந்தாலும், அறிவியல் உலகின் கவனத்தை ஈர்த்த முதல் எலும்புக்கூடு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் கிடைத்தது. 1811-இல் ஜோசப் ஆனிங் என்ற சிறுவன் கடலோரப் பாறைச் சரிவில் நீண்ட மண்டையோடு ஒன்றைக் கண்டான். அடுத்த ஆண்டு அவனுடைய தங்கை மேரி ஆனிங் அதே விலங்கின் உடற்பகுதியைத் தேடிக் கண்டுபிடித்தாள். தச்சரான தந்தையை இழந்து, படிவங்களை விற்றுப் பிழைத்த குடும்பம் அது. அந்த எலும்புக்கூடு 23 பவுண்டுக்கு விலைபோயிற்று. அதன் மண்டையோடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1814-இல் எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் அதைப் பற்றி எழுதியபோது அது மீனா, வேறெதுவா என்று தெளிவாகச் சொல்ல முடியாமல் தடுமாறினார். 1821-இல் ஹென்றி டி லா பெச்சும் வில்லியம் கோனிபியரும்தான் அதை ஊர்வன இனம் என்று உடற்கூற்றை வைத்து உறுதிப்படுத்தினர். எலும்பைத் தோண்டி, கழுவி, பொருத்திக் கொடுத்த மேரியின் பெயரோ அன்றைய கட்டுரைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பெண்களை 1919 வரை உறுப்பினராகச் சேர்க்காத லண்டன் புவியியல் கழகத்தில், 1847-இல் இறந்த அவர் உறுப்பினராகவே முடியவில்லை. இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்லும் எவரும் இந்த அநீதியைக் கடந்து போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் 1818-இல் கண்டெடுத்த மற்றொரு எலும்புக்கூடு, அறிவியலாளர்கள் கையில் கிடைத்த முதல் முழுமையான இக்தியோசர். 1941-இல் லண்டன் மீது விழுந்த குண்டுவீச்சில் அது அழிந்துபோயிற்று. ஆனால் அதன் பிளாஸ்டர் வார்ப்புகள் இரண்டு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் பெர்லினிலும் அடையாளம் தெரியாமல் கிடந்ததை 2022-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

நிலத்தில் வாழ்ந்த ஊர்வன எப்படிக் கடல்வாழ் இக்தியோசர் ஆயிற்று?

இந்தக் கேள்விக்குத்தான் கடந்த சில பத்தாண்டுகளில் மிகச் சிறந்த சான்றுகள் கிடைத்துள்ளன. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், பூமியின் வரலாற்றிலேயே மிகப்பெரிய உயிரழிவு நிகழ்ந்தது. கடல் உயிரினங்களில் பெரும்பங்கு அப்போது ஒழிந்தது. அப்படி வெறிச்சோடிய கடலுக்குள் நிலத்து ஊர்வன சில இறங்கின என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம்.

சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் சாவோஹு என்ற இடத்தில் கிடைத்து, 2014-இல் விவரிக்கப்பட்ட கார்ட்டோரிங்கஸ் என்ற சிறு விலங்கு இந்த மாற்றத்தின் இடைநிலையைக் காட்டுகிறது. ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளமே உள்ள அதற்குக் குட்டையான மூக்கும், உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிய துடுப்புகளும் இருந்தன. அந்தத் துடுப்புகளின் மணிக்கட்டு வளையக்கூடியதாக இருந்ததால், கரையில் உந்தி உந்தி நகர்ந்திருக்கலாம் என்று அதை விவரித்தவர்கள் கருதினர். பல்லே இல்லை என்று முதலில் எண்ணப்பட்ட அதன் வாய்க்குள் உருண்டையான பற்கள் மறைந்திருந்தது 2020-இல் சிடி ஸ்கேன் வழியாகத் தெரியவந்தது.

ஆனால் இந்தக் கதை அத்தனை நேரானதாக இல்லை. ஆர்க்டிக் பகுதியிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் கிடைத்த பதினொரு வால் முள்ளெலும்புகளைப் பற்றி 2023-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பேரழிவு முடிந்து ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுகளே ஆன பாறையில் கிடைத்த அந்த எலும்புகள், தொடக்க நிலை விலங்கினுடையவையாக இல்லாமல், திறந்த கடலில் விரைந்து நீந்தும் விலங்குக்குரிய பஞ்சு போன்ற உள்ளமைப்புடன் இருந்தன. அவ்வளவு தேர்ந்த உடல் 20 லட்சம் ஆண்டுகளில் உருவாகியிருக்க முடியுமா என்ற ஐயம் எழுகிறது. இக்தியோசர்களின் மூதாதையர் பேரழிவுக்கு முன்பே கடலில் இறங்கிவிட்டனர் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் பேரழிவுக்கு முந்திய பாறையிலிருந்து ஓர் எலும்பு கைக்குக் கிடைத்தால்தான் அது நிலைபெறும்.

கை எவ்வாறு துடுப்பாயிற்று என்பதையும் படிவங்களில் படிப்படியாகக் காணலாம். தொடக்க கால இனங்களில் விரலெலும்புகள் இன்னும் நீண்டவையாக, பல்லியின் கையை நினைவூட்டுகின்றன. பிற்கால இனங்களில் அவை சிறு கட்டைகளாகக் குறுகி, ஒன்றோடொன்று நெருங்கி, எண்ணிக்கையில் பெருகின. ஒரே விரலில் இருபதுக்கும் மேற்பட்ட எலும்புகளும், ஒரே துடுப்பில் ஐந்துக்கும் மேற்பட்ட விரல் வரிசைகளும் உள்ள இனங்கள் உண்டு.

ஊர்வன என்றால் ஏன் சூரை மீனைப் போலவும் ஓங்கிலைப் போலவும் இருக்கிறது?

கடலூர்த் துறைமுகத்தில் சூரை மீனை இறக்கும்போது அதன் உடலமைப்பைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். நீர் காற்றைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது. அதைக் கிழித்துக்கொண்டு நெடுந்தொலைவு விரைந்து செல்ல வேண்டிய உடல், நடுவில் பருத்து இரு முனைகளிலும் கூம்பி, பிறைவடிவ வாலுடன் இருப்பதே சிக்கனமானது. சூரையும் சுறாவும் மீன்கள், ஓங்கில் பாலூட்டி, இக்தியோசர் ஊர்வன. மூன்று வெவ்வேறு குலங்கள் ஒரே தேவையால் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன.

இருந்தாலும் குலத்தின் அடையாளம் உடலில் நிற்கிறது. ஓங்கிலின் வால் கிடைமட்டமாக இருந்து மேலும் கீழும் அசைகிறது. இக்தியோசரின் வால் மீனைப் போலச் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசைந்தது. சுறாவில் முதுகெலும்பு வாலின் மேல்மடலுக்குள் ஏறுகிறது. இக்தியோசரில் அது கீழ்மடலுக்குள் இறங்குகிறது.

இந்த வாலைக் கண்டறிந்த விதம் சொல்லத்தக்கது. பழைய எலும்புக்கூடுகளில் வாலின் நுனி ஒடிந்ததுபோல் கீழ்நோக்கி வளைந்திருந்ததைச் செத்த பின் ஏற்பட்ட முறிவு என்றே பலரும் கருதி, நேராக்கிப் பொருத்தினர். ஒவ்வொரு எலும்புக்கூட்டிலும் அதே இடத்தில்தான் முறிவு இருக்கிறது என்பதைக் கவனித்த ரிச்சர்ட் ஓவன், அங்கே சதையாலான வால்துடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று 1838-இல் எழுதினார். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் பகுதிக் கற்சுரங்கங்களில் தோலின் வெளிவிளிம்போடு பதிந்த படிவங்கள் கிடைத்தபோது, பிறை வடிவ வாலும், எலும்பே இல்லாத முதுகுத்துடுப்பும் கண்ணெதிரே தெரிந்தன.

பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுகிறதே, இக்தியோசரும் அப்படித்தானா?

இல்லை. தேவனாம்பட்டினம் தொடங்கிப் புதுச்சேரி வரை நம் கரையில் ஆண்டுதோறும் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் தம் துடுப்புகளால் மணலில் உடலை இழுத்துக்கொண்டு ஏற முடியும். ஊர்வனவற்றின் முட்டை காற்றை உள்வாங்க வேண்டியது; அதனால் ஆமை எவ்வளவு கடல்வாழ் உயிராக மாறினாலும் முட்டைக்காகக் கரையைத் தேடுகிறது. பிற்கால இக்தியோசரால் அது முடியாது. கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் நிலைதான் அதற்கும்.

ஆகவே அது கடலிலேயே குட்டி போட்டது. ஹோல்ஸ்மாடனில் கிடைத்த ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இனத்தின் பல எலும்புக்கூடுகளில் வயிற்றுக்குள் குட்டிகள் உள்ளன. ஒன்றில் குட்டி பாதி வெளியே வந்த நிலையில் தாயும் சேயும் ஒருங்கே படிந்திருக்கின்றன. தாய் தின்ற இரையே அது என்று முற்காலத்தில் வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் எலும்புகள் செரிமான அமிலத்தால் அரிக்கப்படாமல், வரிசை குலையாமல், இடுப்பை ஒட்டிய பகுதியில் இருப்பதால் அந்த வாதம் நிற்கவில்லை.

2014-இல் விவரிக்கப்பட்ட சாவோஹுசாரஸ் என்ற தொடக்க கால இனத்தின் படிவத்தில் குட்டியின் தலை முதலில் வெளிவருகிறது. நிலத்து விலங்குகளில் தலை முதலில் வருவதே பெருவழக்கு என்பதால், குட்டி போடும் பழக்கம் இவற்றின் மூதாதையர் நிலத்தில் இருந்தபோதே தோன்றிவிட்டது என்று அப்போது முடிவு செய்தனர். தலையா வாலா என்பதை மட்டும் வைத்து அவ்வாறு சொல்லிவிட இயலாது என்று 2023-இல் வெளியான மறு ஆய்வு எச்சரிக்கிறது. குட்டி போட்டன என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

எவற்றைத் தின்றன?

பெரும்பாலும் கணவாயின் உறவினமான பெலம்னைட்டுகளையும் மீன்களையும் தின்றன; வயிற்றுப் பகுதியில் பெலம்னைட் கைகளின் கொக்கிகள் குவியலாகக் கிடைத்துள்ளன. சில இனங்கள் அளவு பாராமல் தாக்கின. சீனாவின் குய்சோ மாநிலத்தில் கிடைத்த சுமார் 5 மீட்டர் நீள இக்தியோசர் ஒன்றின் வயிற்றில், உயிரோடு இருந்தபோது ஏறக்குறைய 4 மீட்டர் இருந்திருக்கக்கூடிய வேறொரு கடல் ஊர்வனவின் நடுவுடல் இருந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்த பிளாட்டிப்டெரிஜியஸ் என்ற இக்தியோசர் ஒன்றின் வயிற்றில் ஆமைக் குஞ்சுகளின் எலும்புகளும் ஒரு பறவையின் எலும்பும் இருந்தன.

எவ்வளவு பெரியவை?

அரை மீட்டருக்கும் குறைவானவை முதல் திமிங்கல அளவு வரை இருந்தன. அமெரிக்காவின் நெவாடாவில் கிடைத்து 2021-இல் விவரிக்கப்பட்ட சிம்போஸ்பான்டிலஸ் இனம் ஒன்றின் மண்டையோடு மட்டுமே சுமார் 2 மீட்டர். உடல் 17 மீட்டருக்கு மேல் இருந்திருக்கும். இக்தியோசர்கள் தோன்றிச் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்குள் இந்த அளவை எட்டிவிட்டன. திமிங்கலங்கள் இத்தகைய பேருருவை அடைய இதைவிட மிக நீண்ட காலம் எடுத்துக்கொண்டன என்பதை ஒப்பிட்டால் அதன் வேகம் புரியும்.

இங்கிலாந்தின் சோமர்செட் கரையில் ஒரு சிறுமியும் அவள் தந்தையும் 2020-இல் கண்டெடுத்த தாடையெலும்பை முதன்மையாகக் கொண்டு, 2024-இல் இக்தியோடைட்டன் என்ற இனம் பெயரிடப்பட்டது. அந்த ஓர் எலும்பே 2 மீட்டரைத் தாண்டுகிறது. முழு உடல் சுமார் 25 மீட்டர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. தாடையை மட்டும் வைத்துச் செய்த கணக்கு என்பதை நினைவில் வைத்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

கண்கள் ஏன் அவ்வளவு பெரியவை?

ஆழத்தில் மங்கிய ஒளியில் இரை தேடுவதற்காக. சுமார் 4 மீட்டர் நீளமுள்ள ஆப்தால்மோசாரஸின் கண் 20 சென்டிமீட்டருக்கு மேல் குறுக்களவு கொண்டது. கண்ணைச் சுற்றி எலும்புத் தகடுகளாலான வளையம் இருந்து படிவமாக நிலைத்திருப்பதால் இந்த அளவை நேரடியாகவே அளக்க முடிகிறது.

தோலும் உடல் வெப்பமும் பற்றித் தெரியுமா?

ஓரளவு தெரியும். 2018-இல் ஆராயப்பட்ட ஸ்டெனோப்டெரிஜியஸ் படிவம் ஒன்றில் செதிலற்ற வழவழப்பான தோலும், அதன் கீழே திமிங்கலத்துக்கு இருப்பது போன்ற கொழுப்புப் படலமும், மேற்புறம் கருத்தும் அடிப்புறம் வெளுத்தும் இருந்த நிற வேறுபாடும் கண்டறியப்பட்டன. பற்களிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை) கணக்கிட்ட 2010-ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றின் உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது என்று காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இவை குளிர்ந்த நீரிலும் உடல் வெப்பத்தைக் காத்துக்கொண்ட விலங்குகள் என்பது தெளிவு.

கடலூரிலோ புதுச்சேரியிலோ இக்தியோசர் படிவம் கிடைக்குமா?

கிடைக்காது, காரணம் பாறையின் வயது. கடலூரின் கேப்பர் மலையிலும், திருவக்கரையிலும் நாம் காணும் சிவந்த மணற்பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்றே புவியியலில் பெயர். அது ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணல். கல்மரங்கள் அதில் கிடைப்பதும் அதனால்தான். அதன் வயது ஓரிரு கோடி ஆண்டுகள் அளவிலானது. இக்தியோசர்கள் மறைந்து நெடுங்காலம் சென்ற பிறகே அந்த மணல் படிந்தது.

புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர்ப் பக்கத்திலும், விருத்தாசலம் வட்டாரத்திலும் அதைவிடப் பழைய கிரெட்டேசியஸ் காலக் கடற்பாறைகள் வெளித்தெரிகின்றன. 1840-களிலேயே கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளிலிருந்து திரட்டிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். அந்த வகையில் நம் மண் உலகத் தொல்லுயிரியலுக்கு மிகப் பழைய அறிமுகம். ஆயினும் அந்தப் பாறைகளும் ஏறக்குறைய 7 கோடி ஆண்டு வயதுடையவை. இக்தியோசர்கள் அதற்கு 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. எவ்வளவு முயன்று தேடினாலும் வழுதாவூரில் அம்மோனைட் கிடைக்குமே தவிர இக்தியோசர் கிடைக்காது.

அப்படியானால் தமிழ்நாட்டில் எங்கே கிடைத்துள்ளது?

விருத்தாசலத்தைத் தாண்டித் தென்மேற்கே சென்றால், பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, கொளக்காநத்தம் ஊர்களை ஒட்டி மழைநீர் அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் களிமண் நிலம் இருக்கிறது. காரைப் படிவம் என்று பெயர்பெற்ற இந்த அடுக்கு, புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் வகுத்த ஊட்டத்தூர்ப் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தெற்கே வெகு தொலைவில் இருந்தபோது, காவிரிப் படுகையை மூடியிருந்த கடலின் அடிச்சேறு அது.

அந்த நிலத்தில் நடப்பவர் முதலில் காண்பது வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகளை. குனிந்து பார்த்தால் பென்சில் துண்டு போன்ற பழுப்பு நிறப் பெலம்னைட்டுகள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அவை இக்தியோசர்களின் இரை. இரை இவ்வளவு மலிந்த கடலில் வேட்டையாடியும் இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வீணாகவில்லை. ஊட்டத்தூர்த் தொகுதியில் கிடைத்த முள்ளெலும்புகளைக் கொண்டு 1879-இல் ரிச்சர்ட் லிடெக்கர் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்ற இனத்துக்குப் பெயரிட்டார். பின்னாளில் அது பிளாட்டிப்டெரிஜியஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, காரைக் களிமண்ணில் பலவகைச் சுறாப் பற்களுடன் இக்தியோசர் பற்களும் கிடைத்ததை விவரித்தது.

இரண்டு வகைப் பற்களையும் வேறுபடுத்துவது கடினமில்லை. சுறாப் பல் தட்டையான கத்தி போன்றது. வேர் இரண்டாகக் கவைத்திருக்கும். இக்தியோசர் பல் திரண்ட கூம்பு. அதன் எனாமலில் நீளவாக்கில் நுண்ணிய வரிகள் ஓடும். வேர் தடித்து, பிளாட்டிப்டெரிஜியஸ் வகையில் குறுக்காக வெட்டினால் ஏறத்தாழ சதுரமாகத் தெரியும்.

லிடெக்கர் வைத்த இனப்பெயர் நிலைக்குமா என்பது வேறு செய்தி. சில முள்ளெலும்புகளை மட்டும் வைத்து ஓர் இனத்தைத் தனியாக நிறுவுவது இன்றைய அளவுகோலுக்குப் போதாது. பல ஆய்வாளர்கள் அந்தப் பெயரை ஐயத்துக்குரியதாகவே கருதுகின்றனர். என் மதிப்பில் அந்த எலும்புகளின் சிறப்பு பெயரில் இல்லை. இக்தியோசர்களின் வரலாறு முடியும் தறுவாயில் தென்னிந்தியக் கடலில் அவை இருந்தன என்பதற்கு அவையே சான்று. அந்தக் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த பாறைகள் உலகில் சில இடங்களிலேயே நன்றாகக் கிடைக்கின்றன.

இந்தியாவில் முழு எலும்புக்கூடு எதுவும் இல்லையா?

உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில் லோடாய் என்ற ஊருக்கு அருகே, ஏறக்குறைய 5.5 மீட்டர் நீளமுள்ள, பெரும்பாலும் முழுமையான எலும்புக்கூடு கிடைத்ததை டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குண்டுபள்ளி பிரசாத் குழுவினர் 2017-இல் அறிவித்தனர். ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த அதன் வயது சுமார் 15 கோடி ஆண்டுகள்.

டைனோசர்களை அழித்த விண்கல்தான் இவற்றையும் அழித்ததா?

இல்லை. அந்த விண்கல் விழுந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இக்தியோசர்கள் அதற்கு இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே போய்விட்டன. 2016-இல் வெளியான விரிவான ஆய்வு, அவை செனோமேனியன் என்ற காலப்பிரிவின் தொடக்கத்திலும் முடிவிலுமாக இரு கட்டங்களில் மறைந்தன என்று காட்டியது. அந்தக் காலத்தில் புவி வெப்பமும் கடல்மட்டமும் வேகமாக மாறின. அதன் இறுதியில், சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்களின் பெரும்பகுதியில் ஆக்சிஜன் அற்றுப்போனது. இக்தியோசர்களோ அப்போது புதிய வடிவங்களைத் தோற்றுவிக்கும் வேகத்தை இழந்திருந்தன. காரையில் கிடைத்த பற்கள் ஏறக்குறைய இந்த முதற்கட்டச் சரிவின் காலத்தவை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் உருண்டைக் கற்கள் முட்டைகளா?

பெரும்பாலும் இல்லை. சேற்றில் ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ மையமாகக் கொண்டு கனிமங்கள் உறைந்து திரண்ட கல்லுருண்டைகள் அவை. இக்தியோசர் முட்டையாக இருக்கவே முடியாது, அது முட்டையிடவில்லை.

எலும்போ பல்லோ போன்ற ஒன்றைக் கண்டால் என்ன செய்வது?

எடுக்காமல் இருப்பதே முதல் வேலை. காரைப் பள்ளங்கள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் உள்ளவை. திருவக்கரையும் சாத்தனூரும் அவ்வாறே. படிவம் எந்த அடுக்கில், எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்ற செய்தி, அதைப் பெயர்த்த நொடியில் அழிந்துவிடுகிறது. அந்தச் செய்தி இல்லாத பல் வயது சொல்லாது. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அருகிலிருந்து ஒன்றும், சுற்றியுள்ள நிலம் தெரியும்படி ஒன்றுமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பைச் சேமியுங்கள். அதைப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கோ, காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறைக்கோ, அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்கலாம். மழைக்காலம் முடிந்த கையோடு செல்வது நல்லது. புதிதாக அரிக்கப்பட்ட களிமண்ணில்தான் பற்கள் கழுவி விட்டதுபோல் தெரியும்.